வீட்டுக் கணக்கு: எத்தனையா, எவ்வளவா?

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போவது திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பெரிய விஷயம். சென்னை, கோவை, பெங்களூரு என்று பல ஊர்களில் இருக்கும் சொந்தங்கள் அன்றைக்கு ஒன்றுகூடும். அப்படி ஒரு வீட்டில், கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு நடக்கக்கூடிய பேச்சு இது.

மொத்தம் 50 பேர். ஒரு வேனில் 12 பேர் உட்காரலாம். சித்தப்பா செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து 50-ஐ 12-ஆல் வகுக்கிறார். 4.1666 என்று வருகிறது.

"நாலு புள்ளி ஒண்ணு ஆறு. அரைக்குக் கீழதான இருக்கு? நாலு வேன் சொல்லிருவோம்."

பக்கத்தில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பத்தாம் வகுப்புப் பெண்ணும் தலையாட்டுகிறாள். புள்ளிக்குப் பிறகு வரும் எண் ஐந்துக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடலாம் என்றுதான் அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

உளுந்து புடைத்துக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்து பார்க்கிறார்.

"நாலு வேன்ல எத்தனை பேரு போவலாம்ட்டி?"

"நாப்பத்தெட்டு ஆச்சி."

"அப்ப மிச்சம் ரெண்டு பேரு?"

யாரிடமும் பதில் இல்லை. ஆச்சி மறுபடி முறத்தைக் கையில் எடுக்கிறார்.

"சரி, நானும் எங்க அக்காவும் வீட்டுல இருந்துக்கிடுதோம். நீங்க போயிட்டு வாங்க."

புள்ளிக்குப் பிறகு வந்த அந்த 0.1666 இப்போது யார் என்று தெரிந்துவிட்டது. ஆச்சியும், ஆச்சியின் அக்காவும்!

தவறு எங்கே?

கால்குலேட்டர் தவறு செய்யவில்லை. வகுத்ததும் சரி. பள்ளியில் சொல்லிக்கொடுத்த விதியும் சரி. ஆனால் அந்த விதி ஆட்களுக்குப் பொருந்தாது. கணக்கைத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. இது எண்ணுகிற பொருளா, அளக்கிற பொருளா?

உலகத்தில் இருக்கும் கணக்குகளை இப்படி இரண்டாகப் பிரிக்கலாம். ஆள், வேன், முட்டை, நாற்காலி எல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று தாவித் தாவிப் போகும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எதுவும் கிடையாது. இரண்டே கால் ஆள் என்று ஒருவரும் இல்லை. தண்ணீர், எண்ணெய், தூரம், நேரம், எடை ஆகியவை வேறு மாதிரி. இரண்டு லிட்டருக்கும் மூன்று லிட்டருக்கும் நடுவே எந்த அளவையும் எடுக்கலாம். இரண்டேகால் எடுக்கலாம், அதைவிட ஒரு சொட்டு கூடுதலாகவும் எடுக்கலாம். முதல் வகையை மேல்வகுப்புக் கணக்கில் 'தனிநிலை' என்பார்கள். இரண்டாவது 'தொடர்'.

பெயர்கள் புதிதாக இருக்கலாம், விஷயம் புதிதல்ல. தமிழ் பேசும் ஒவ்வொருவரும் இந்த வித்தியாசத்தைச் சிறு வயதிலிருந்தே வாயில் வைத்திருக்கிறார்கள். 'எத்தனை' என்று ஒரு சொல், 'எவ்வளவு' என்று இன்னொரு சொல். எத்தனை முட்டை, எவ்வளவு எண்ணெய். யாரும் 'எத்தனை தண்ணீர் வேண்டும்?' என்று கேட்பதில்லை. எவ்வளவு என்ற சொல்லுக்குள்ளேயே 'அளவு' இருக்கிறது.

சில சமயம் 'எவ்வளவு பேர் வந்தாங்க?' என்றும் கேட்கிறோமே என்று தோன்றலாம். அங்கே ஆட்களை ஒவ்வொருவராக எண்ணும் எண்ணம் கேட்பவருக்கு இல்லை. கண்ணால் பார்த்து ஒரு மொத்தமாகச் சொன்னால் போதும். தேர்த் திருவிழாவில் 'எவ்வளவு கூட்டம்!' என்கிறோம். பந்தியில் இலை போடும்போது மட்டும் மறக்காமல் 'எத்தனை பேர்?' என்று கேட்கிறோம்.

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவைகளை நான்காகப் பிரித்து வைத்தது தமிழ் மரபு. எடுத்தல் என்றால் தராசில் நிறுப்பது. முகத்தல் என்றால் படியால் அளப்பது. நீட்டல் என்றால் முழம் போடுவது. இந்த நான்கில் எண்ணல் ஒன்றுதான் 'எத்தனை'. மற்ற மூன்றும் 'எவ்வளவு'. பூக்கடையில் இதை நேரில் பார்க்கலாம். தொடுத்த மல்லிகை முழக் கணக்கு, உதிரிப்பூ எடைக் கணக்கு, ரோஜா ஒவ்வொன்றாக எண்ணும் கணக்கு.

ஒரே வகுத்தல், நான்கு விடைகள்

அதே 50-ஐ அதே 12-ஆல் நான்கு இடங்களில் வகுத்துப் பார்க்கலாம்.

50 பேர், 12 பேர் உட்காரும் வேன். விடை 5. இங்கே மீதி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மேலே ஏற்றித்தான் ஆக வேண்டும். ஒரே ஒருவர் மிஞ்சினாலும் அவருக்கு வண்டி வேண்டும்.

கையில் 50 ரூபாய், வடை ஒன்று 12 ரூபாய். விடை 4. இங்கே கீழே இறக்க வேண்டும். 4.9 என்று வந்திருந்தாலும் நான்குதான். ஐந்தாவது வடைக்குக் காசு போதாது.

50 மீட்டர் கயிறு, 12 சம துண்டுகள். விடை 4.1666 மீட்டர், அதாவது ஏறக்குறைய 4 மீட்டர் 17 சென்டிமீட்டர். இங்கே புள்ளிக்குப் பின்னால் வருவதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கயிறு எங்கே வெட்டினாலும் கயிறுதான்.

50 லட்டு, 12 குழந்தைகள். ஆளுக்கு 4, மீதி 2. அந்த இரண்டையும் உடைத்துப் பங்கு போடலாம் என்றால் போடலாம். அல்லது லட்டு பிடித்தவர்களுக்கே எடுத்து வைக்கலாம். அதை முடிவு செய்வது கணக்கு அல்ல, வீடு.

நான்கு இடத்திலும் கால்குலேட்டர் காட்டியது ஒரே எண்தான். விடை என்ன என்பதைப் பொருள்தான் சொன்னது.

12 பேரைப் பாதியில் விட்ட பரீட்சை

இது ஒரு வீட்டில் மட்டும் நடக்கிற தவறில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், நாடு தழுவிய கல்வி மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. ராணுவப் பேருந்து ஒன்றில் 36 வீரர்கள் போகலாம். 1,128 வீரர்களைப் பயிற்சி இடத்துக்கு அழைத்துப்போக எத்தனை பேருந்துகள் வேண்டும்?

வகுத்தால் 31 வரும், மீதி 12. மாணவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் இந்த வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 29 சதவீதம் பேர் '31, மீதி 12' என்றே விடை எழுதிவிட்டார்கள். 18 சதவீதம் பேர் 31 என்று எழுதி, 12 வீரர்களைச் சாலையோரத்தில் விட்டுவிட்டார்கள். 32 என்ற சரியான விடையை எழுதியவர்கள் 23 சதவீதம் பேர்தான்.

கணக்குத் தெரியாததால் இவர்கள் தவறவில்லை. கணக்கு முடிந்த பிறகு, இந்த எண் எதைக் குறிக்கிறது என்று திரும்பிப் பார்க்காததால் தவறினார்கள். கணித ஆசிரியர்கள் இன்றும் பேசுகிற பரீட்சைக் கேள்விகளில் இது ஒன்று.

புள்ளியோடு நிறுத்தலாமா, கோடு போடலாமா?

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் சார்பு என்று ஒரு பாடம் வரும். அதில் 'மதிப்பகம்' என்று ஒரு சொல். எளிதாகச் சொன்னால், ஒரு கணக்குக்குள் எந்தெந்த எண்களைப் போட அனுமதி உண்டு என்கிற பட்டியல் அது. இந்தப் பட்டியல் எப்படிப்பட்டது என்பது வரைபடத்தில் பளிச்சென்று தெரியும்.

வடை ஒன்று 12 ரூபாய். ஒரு வடைக்கு 12, இரண்டுக்கு 24, மூன்றுக்கு 36. வரைபடத் தாளில் இவற்றைப் புள்ளிகளாக வைத்தால் நேராக ஒரு வரிசை கிடைக்கும். உடனே ஸ்கேலை வைத்துக் கோடு இழுக்கக் கை பரபரக்கும். இழுத்தால் என்ன ஆகும்? அந்தக் கோட்டில் இருக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு செய்தி சொல்லும். இரண்டரை வடை 30 ரூபாய் என்றும், ஒன்றேகால் வடை 15 ரூபாய் என்றும் சொல்லும். எந்தக் கடையிலும் இல்லாத வியாபாரம் அது. வடைக்குப் புள்ளிகளோடு நிறுத்த வேண்டும். இங்கே மதிப்பகம் 0, 1, 2, 3 என்று தனித்தனி எண்கள்.

எண்ணெய்ச் செக்கில் பாத்திரம் கொண்டுபோய் வாங்கும் நல்லெண்ணெய்க்கு அதே மாதிரி வரைபடம் போட்டால் கோடு சரி. முக்கால் லிட்டரும் வாங்கலாம், 820 மில்லியும் வாங்கலாம்.

பால்தான் இதில் சுவாரஸ்யம். மாடு வைத்திருப்பவரிடம் சொம்பு நீட்டி வாங்கினால் பால் 'எவ்வளவு'. அதே பாலை அரை லிட்டர் பாக்கெட்டில் வாங்கினால் 'எத்தனை'. பால் ஒன்றுதான். எப்படி விற்கிறார்கள் என்பது மாறியதும் கணக்கின் வகையும் மாறிவிட்டது.

மாவு எவ்வளவு, இட்லி எத்தனை

சமையலறையில் இந்த மாற்றம் தினமும் நடக்கிறது. உளுந்தையும் அரிசியையும் ஆழாக்கால் அளந்து போடுகிறோம். மாவு கரண்டியில் வழியும் வரை 'எவ்வளவு'. இட்லித் தட்டில் ஊற்றிய நிமிடத்தில் 'எத்தனை' ஆகிவிடுகிறது.

கோயிலுக்குப் போகும் 50 பேருக்கு ஆளுக்கு 4 இட்லி என்றால் 200 இட்லி. ஒரு ஈட்டுக்கு 16 இட்லி என்றால் பன்னிரண்டரை ஈடு. அடுப்பில் பன்னிரண்டரை ஈடு வைக்க முடியாது. 13 முறை பாத்திரத்தை ஏற்றி இறக்கத்தான் வேண்டும். நேரத்தையும் கேஸையும் 13 ஈட்டுக்குக் கணக்கிட வேண்டும். மாவை மட்டும் 200 இட்லிக்கு அளவாகக் கரைத்தால் போதும்.

முட்டை எண்ணுகிற பொருள். ஆனால் மூன்று முட்டை சேர்க்கும் கேக்கைப் பாதி அளவில் செய்ய ஒன்றரை முட்டை வேண்டும். வழி இருக்கிறது. இரண்டாவது முட்டையை உடைத்து நன்றாக அடித்துவிட்டால் அது அளக்கிற பொருளாகிவிடும். பாதியை ஊற்றிக்கொள்ளலாம். ஓட்டை உடைத்தால் எத்தனை எவ்வளவாகிவிடும்!

தேங்காய் பல கடைகளில் எண்ணிக்கையிலிருந்து எடைக்கு மாறிவிட்டது. கிலோ கணக்கில் விற்றாலும் வாங்குகிறவர் முழுத் தேங்காயைத்தான் எடுக்க முடியும். சரியாக ஒரு கிலோ வேண்டும் என்றால் கிடைக்காது. 940 கிராம் வரும், அல்லது இன்னொன்றைச் சேர்த்தால் ஒன்றரை கிலோவைத் தொடும்.

வீடு கட்டுகிறவர்களுக்கு இதில் பணமே போகும். 10 அடிக்கு 12 அடி அறை, 120 சதுர அடி. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ், பெட்டிக்கு 4 என்றால் ஒரு பெட்டி 16 சதுர அடிக்கு வரும். வகுத்தால் ஏழரைப் பெட்டி. தரை 'எவ்வளவு', பெட்டி 'எத்தனை'. எட்டுப் பெட்டி வாங்க வேண்டும். ஓரத்தில் வெட்டும்போது உடைவதற்கும் சேர்த்து ஒன்று கூடுதலாக வாங்குவார்கள். சிக்கனம் பார்த்துக் குறைவாக வாங்கிவிட்டு, பிறகு போய்க் கேட்டால் அதே டிசைன் கிடைக்கலாம், அதே நிறம் கிடைக்காமல் போகலாம். வேறு தொகுப்பில் தயாரானதில் நிறம் சற்று மாறியிருக்கும்.

மருந்தில் விளையாடக் கூடாது

மற்ற இடங்களில் தவறினால் பணமோ நேரமோ போகும். மருந்தில் அப்படி இல்லை.

குழந்தைகளுக்கு ஏன் பெரும்பாலும் சிரப் கொடுக்கிறார்கள்? குழந்தையின் எடையைப் பொறுத்து மருந்தின் அளவு மாறும். எடை என்பது தொடர். 7 கிலோ 300 கிராம் குழந்தைக்கு ஏற்ற அளவை மில்லி கணக்கில் எடுக்க முடியும். மாத்திரையில் அந்த வசதி குறைவு. அதனால்தான் சிரப்போடு கோடு போட்ட மூடியோ சிரிஞ்சோ வருகிறது. டீஸ்பூன் வீட்டுக்கு வீடு வேறு அளவு. 'எவ்வளவு' என்ற கேள்விக்கு 'ஒரு ஸ்பூன்' என்று எண்ணிப் பதில் சொல்வது ஆபத்து. காய்ச்சலுக்கான பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று வெவ்வேறு வீரியங்கள் உண்டு. பாட்டில் மாறினால், அதே ஒரு மூடி இரண்டு மடங்கு மருந்தாகிவிடும். லேபிளைப் பார்த்து, மருத்துவர் சொன்ன மில்லியை அளந்துதான் கொடுக்க வேண்டும்.

மாத்திரை எண்ணுகிற பொருள். நடுவில் கோடு போட்ட சில மாத்திரைகளைப் பாதியாக்கலாம். ஆனால் மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை உடைத்தால், நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும். கேப்சூலையும் பிரிக்கக் கூடாது. மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்காமல் எந்த மாத்திரையையும் உடைக்க வேண்டாம்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பெட்டியைக் கவனித்திருப்பார்கள். 25, 50, 75, 88, 100, 112, 125 மைக்ரோகிராம் என்று நெருக்கமான படிகளில் கிடைக்கும். உடலின் தேவை தொடர், மாத்திரையோ தனித்தனி. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் குறைக்கத்தான் இத்தனை படிகள்.

சரிவு, படிக்கட்டு

சில கணக்குகளில் உள்ளே போவது தொடராக இருக்கும், வெளியே வருவது தாவித் தாவி வரும். வண்டி நிறுத்துமிடத்தில் மணிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நேரம் சரிவுப் பாதைபோல வழுக்கிக்கொண்டு போகிறது, கட்டணமோ படிக்கட்டு ஏறுகிறது. 59 நிமிடத்துக்கு 20 ரூபாய். 61 நிமிடத்துக்கு 40 ரூபாய்.

செல்போன் அழைப்பும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஒரு நிமிடம் இரண்டு நொடி பேசினால் இரண்டு நிமிடக் காசு போகும். 2009-இல் டாடா டோகோமோ நொடிக்கணக்கில் கட்டணம் வாங்கத் தொடங்கியது, மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. படிகள் மறையவில்லை, சின்னதாயின. படி சின்னதாக ஆக, படிக்கட்டு சரிவு மாதிரியே தெரியும்.

ரயிலில் 5 வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். குழந்தை ஒவ்வொரு நாளும் வளர்கிறது. ஆனால் ஐந்தாவது பிறந்தநாளில் கட்டணம் ஒரு படி ஏறிவிடுகிறது. அதனால்தான் 'வயசு எவ்வளவு?' என்று டிக்கெட் பரிசோதகர் கேட்டால் அம்மாக்கள் ஒரு நொடி யோசிக்கிறார்கள்!

பணமும் படிக்கட்டுதான். 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. கையில் கொடுக்கக்கூடிய மிகச் சிறிய நாணயம் 50 காசுதான். ஆனால் நாமக்கல்லில் முட்டை விலையைக் காசுக் கணக்கில் சொல்வார்கள். ஒரு முட்டை 5 ரூபாய் 15 காசு என்றால், ஒரே ஒரு முட்டைக்குச் சரியான சில்லறை கொடுக்க யாராலும் முடியாது. 100 முட்டைக்கு 515 ரூபாய் என்றால் எந்தச் சிக்கலும் இல்லை. லட்சக்கணக்கில் விற்கிறவருக்கு 5 காசு பெரிய தொகை.

1.8 குழந்தை

செய்திகளில் ஒரு எண் வரும்போதெல்லாம் சிரிப்பும் குழப்பமும் வரும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை. எந்த வீட்டில் 0.8 குழந்தை இருக்கிறது?

குழந்தை தனிநிலை. சராசரி அப்படி இல்லை. எண்ணிய பொருள்களைக் கூட்டி வகுத்ததும் நமக்குக் கிடைப்பது எண்ணுகிற பொருள் அல்ல, ஒரு அளவு. 1.8 என்பதை 10 பெண்களுக்கு 18 குழந்தைகள் என்று படித்தால் குழப்பம் தீர்ந்துவிடும். இந்த 1.8-ஐ '2' என்று திருத்தி எழுதினால் தவறு. 10 லட்சம் பெண்களுக்கு 2 லட்சம் குழந்தைகளைக் கூடுதலாகச் சேர்த்துவிடுவோம். பள்ளிகளும் தடுப்பூசிகளும் அந்தக் கணக்கை வைத்துத்தான் திட்டமிடப்படும். வேன் கணக்கில் புள்ளியை ஏற்ற வேண்டும், இங்கே தொடக் கூடாது.

கேட்க வேண்டியவை மூன்று

குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வாய்பாட்டோடு இந்த மூன்று கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்று: இந்தப் பொருளுக்கு 'எத்தனை' பொருந்துமா, 'எவ்வளவு' பொருந்துமா?

இரண்டு: 'எத்தனை' என்றால், மிஞ்சுவதை மேலே ஏற்றுவதா, கீழே இறக்குவதா, மீதியாகவே வைப்பதா?

மூன்று: விட்டுவிடுகிற அந்த மீதி என்ன? மாவா, காசா, ஆளா?

சாஸ்தா கோயில் கணக்குக்கு வருவோம். மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகு சித்தப்பாவால் நாலு வேனோடு நிற்க முடியவில்லை. இரண்டு பேருக்காக இன்னொரு வேன் எடுப்பதும் வீண். ஐந்தாவது வண்டி வேனாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. நாலு வேனுக்கும் ஒரு காருக்கும் சொல்லிவிடுகிறார்.

"ஆச்சி, உனக்கும் பெரிய ஆச்சிக்கும் தனிக் காரு!" என்கிறாள் பேத்தி.

ஆச்சி முகத்தில் சிரிப்பு. அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.

"அது கிடக்கட்டும்ட்டி. பொங்கலுக்கு அரிசி எவ்வளவு போடணும், தேங்கா எத்தனை வாங்கணும்னு எழுதிக்கோ."